லொறியின் விலை ஏறியது, காப்புறுதி ஏறவில்லை

எமது வியாபாரிகளிடம் சரக்கு விலையைக் கேட்டுப் பாருங்கள். சீனி மூடை நேற்று என்ன, இன்று என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கடை வாசலில் நிற்கும் லொறியை எவ்வளவுக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் ஏஜன்ட் தம்பி பார்த்துக்கொள்வார்" என்பதுதான் பதில். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2015 இல் பாவித்த லொறி ஒன்றை 28 இலட்சம் ரூபாவுக்கு வாங்கி, அதே தொகைக்கு முழுக் காப்புறுதி செய்தேன். ஒவ்வொரு வருடமும் ஏஜன்ட் வருவார், தேநீர் குடிப்பார், பழைய தொகையையே எழுதிப் புதுப்பித்துக் கொடுப்பார். கட்டுப்பணம் கூடவில்லையே என்று எனக்கும் சந்தோஷம். இதற்கிடையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. பழைய லொறிக்கெல்லாம் இரட்டை விலை கேட்டார்கள். என்னுடையதை 56 இலட்சத்துக்குக் கேட்டு ஒருவர் வந்தபோது பெருமையாக இருந்தது. காப்புறுதிப் பத்திரத்தில் இன்னும் 28 தானே இருக்கிறது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

2023 இல் கடுகண்ணாவை இறக்கத்தில் மழைக்குச் சறுக்கி லொறி மண்மேட்டில் மோதியது. சாரதிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். கராஜில் 9 இலட்சம் கேட்டார்கள். 28 இலட்சம் வரை காப்புறுதி இருக்கிறது, 9 இலட்சம் முழுதாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். கம்பனி தரச் சம்மதித்தது நாலரை இலட்சம். அதிலும் நாம் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை கழிக்கப்பட்டது.

கோபத்தோடு போய்க் கேட்டேன். பத்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு பந்தியைக் காட்டினார்கள். பெறுமதியில் பாதிக்கே காப்புறுதி செய்திருந்தால், மீதிப் பாதிக்கு உரிமையாளரே காப்புறுதியாளர். சேதத்திலும் பாதியை அவரே ஏற்க வேண்டும். விகிதாசார விதி என்பது இதுதான். எட்டு வருடமாக என் கையில் இருந்த பத்திரம், நான் வாசிக்கவில்லை. ஏஜன்டும் சொல்லியிருக்கலாம், அது வேறு கதை.

2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகு இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சந்தை விலையை விடக் கூட்டிப் போட்டாலும் இலாபமில்லை. வாகனம் முற்றாக அழிந்தால் அன்றைய சந்தை விலையே கிடைக்கும். கூடுதலாகக் கட்டியது வீண்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நிறுத்திக்கொள்வோரும் நம்மில் நிறையப் பேர். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க அது போதும். ஆனால் அது எதிரே வந்தவருக்கான காப்பு. நம் வாகனம் நொறுங்கினால் ஒரு சதமும் வராது. சிலர் மார்க்கக் காரணம் சொல்வார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தகாபுல் முறை 1999 முதல் நம் நாட்டில் இருக்கிறது. கட்டுப்பணம் மிச்சம் என்பதற்காக மார்க்கத்தைச் சாட்டுவது வேறு விஷயம்.

அதைவிட முக்கியமானது கலவரக் காப்பு. 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனையிலும் 2019 இல் மினுவாங்கொடையிலும் நம்மவர்களின் சொத்துகள் எரிந்தன. சாதாரண வாகனக் காப்புறுதியில் கலவரச் சேதம் தானாக அடங்குவதில்லை. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். வெள்ளமும் அப்படியே. 2016 மே மாதம் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் நீர் ஏறியதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மொத்தக் கட்டுப்பணத்தோடு பார்த்தால் இவற்றுக்கான மேலதிகத் தொகை சிறியது.

இன்னொன்று. தனியார் பாவனை என்று எழுதிவிட்டு வேனில் கூலிக்குச் சாமான் ஏற்றுவது, லொறிக்கு உரிய அனுமதிப்பத்திரம் இல்லாத கடைப் பையனிடம் "பக்கத்தில்தானே, போய் வா" என்று சாவியைக் கொடுப்பது எல்லாம் நட்டஈட்டை நாமே கிழித்துப் போடும் வேலை. பக்கத்துக் கடை ஹாஜியாரிடம் இதைச் சொன்னேன். "நாநா, இருபது வருஷமா இப்படித்தான் ஓடுது" என்றார். இருபது வருடமாக விபத்து நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கம்பனியின் முடிவு நியாயமில்லை என்று பட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். நான் முறையிடவில்லை. என் பத்திரத்தில் இருந்ததைத்தான் அவர்கள் செய்தார்கள்.

அடுத்த மாதம் என் லொறிக்குப் புதுப்பிப்பு. ஏஜன்ட் தம்பிக்கு இப்போதே சொல்லிவிட்டேன்: இன்றைய சந்தை மதிப்பை எழுத்தில் கொண்டு வாருங்கள், பத்திரத்தை இருவரும் உட்கார்ந்து வாசிப்போம், தேநீர் அதற்குப் பிறகு.