நாற்காலி இருக்கிறது, உட்காரத்தான் பயம்!

சிறுநீர் எரிச்சல் என்று மூன்றாவது தடவையாக வந்தாள் அந்தப் பெண். வயது 23. கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை. நெருஞ்சில் குடிநீர் கொடுத்தால் கேட்கிறது. கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது.

“தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னேனே, குடிக்கறயா அம்மணி?”

“இல்லீங்க டாக்டர். குடிச்சா ஒண்ணுக்குப் போகோணும். போனா சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்க்கறாருங்க.”

இதற்கு நான் என்ன மருந்து எழுதுவது, சொல்லுங்கள்!

உடம்பின் 14 வேகங்களை அடக்கக் கூடாது என்பது பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த பாடம். பசி, தாகம், தூக்கம், தும்மல், ஏன், கண்ணீர்கூட அந்தப் பட்டியலில் உண்டு. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, எரிச்சல் என்று தொல்லைகள் வரிசையாக வரும். ஆனால் இதை அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன பயன்? சொல்ல வேண்டியது அவள் முதலாளியிடம் அல்லவா?

அவள் காலையும் பார்த்தேன். கெண்டைக்காலில் நரம்பு சுருட்ட ஆரம்பித்திருக்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அது காலிலேயே தேங்கிவிடும். பத்து மணி நேரம் நின்றால்?

சட்டம் இல்லாமல் இல்லை. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்கு 1948-ம் வருடச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கடைகளுக்குத்தான் தாமதம். கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடியதன் பலனாக 2018-ல் கேரளத்தில் வந்தது. 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் வந்தது. அந்தப் பெண்ணின் கடையிலும் நாற்காலி போட்டிருக்கிறார்களாம். “யாரும் உட்காரதில்லீங்க” என்கிறாள். முதலாளியின் பார்வை மாறாமல் நாற்காலி மட்டும் வந்து என்ன செய்யும்?

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் சர்க்கரை வியாதிக்காக என்னிடம் வருகிறார். மணிக்கொரு தடவை பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது என்று புலம்புவார். “உங்க டெய்லர்க எத்தனை தடவை போறாங்க?” என்று கேட்டேன். சிரித்தார். “ஏனுங்க டாக்டர், ஆளாளுக்கு எந்திரிச்சுப் போனா ஷிப்மென்ட் என்னாகறதுங்க?”

நியாயமான கேள்விதான். வரிசையில் ஒரு மெஷின் நின்றால் அடுத்தவருக்குத் துணி வராது. அதனால் வரிசைக்கு ஒரு ஆளை உபரியாக வையுங்கள். எழுந்து போகிறவர் இடத்தில் அவர் உட்கார்ந்து தைக்கட்டும் என்றேன். “சம்பளம் கூடுமே” என்றார். நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று லீவு போடுகிறவர்களின் கணக்கையும் எழுதிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறேனே, என் கதை என்ன? என் வைத்தியசாலையில் மருந்து பொட்டலம் கட்டும் பெண் ஆறு வருடமாக நின்றுகொண்டேதான் கட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! என் வீட்டுக்காரி ஒருநாள் கேட்ட பிறகுதான் உறைத்தது. போன மாதம் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். உட்காருகிறாள். ஆனால் நான் உள்ளே நுழைந்தால் எழுந்துவிடுகிறாள். “உட்காரு கண்ணு” என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.