கிரான் போதும்னு சொல்றவங்களுக்கு...

"ராத்திரி ஓடுற வேலைக்கு கிரான்ல ஒரு வரி போட்டா முடிஞ்சது. இதுக்குப் போய் தனியா டேட்டாபேஸா?" ப்ராஜெக்ட் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சுத்தப் பேத்தல். ஏன்னு சொல்றேன்.

நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட்டையே எடுத்துக்குவோம். மூணு ஷிஃப்ட் ஓடுற ஒரு கம்பெனின்னு வைங்க. கேட்ல கார்டு தேய்ச்ச பதிவெல்லாம் ராத்திரி ஒண்ணாச் சேரணும். ஓவர்டைம் கணக்காகணும். மாசம் முடிஞ்சா சம்பளம் போட்டு பேங்குக்கு ஃபைல் போகணும். ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. இதுதான் பேட்ச் ஜாப். மாசச் சம்பளம் அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள்ள கொடுத்தாகணும்னு 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்லுது. ஒடிசாவுலேருந்தும் பீகார்லேருந்தும் வந்து உழைச்சு, ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கிறவர்கிட்ட "லாக் ஃபைல் பாத்துட்டு சொல்றேன்"னு சொல்லுவீங்களா?

கிரான் 1979-ல யூனிக்ஸ் ஏழாம் பதிப்புலேயே இருந்தது. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: மணி ஆச்சா, கிளப்பி விடு. அந்த நிமிஷம் மெஷின் அணைஞ்சிருந்தா அந்த வேலை அவ்வளவுதான், கரண்ட் வந்தப்புறம் தேடிப் பிடிச்சு ஓட்டாது. நேத்து கிளப்பினது இன்னும் முடியலைன்னாலும் இன்னிக்கு இன்னொண்ணைக் கிளப்பிடும். குத்தம் கிரான் மேல இல்லை. ஞாபகமே இல்லாத ஆளைக் கணக்குப்பிள்ளையா உக்கார வைக்கிற நம்ம மேலதான்.

அப்ப என்னதான் வேணும்? நாலே நாலு டேபிள். முதல்ல வேலைகளோட பட்டியல். ரெண்டாவது, எது முடிஞ்சா எது ஓடலாம். மூணாவது, எந்த வேலை எந்தத் தேதிக்கு. நாலாவது, ஒவ்வொரு முயற்சியும் எப்போ ஆரம்பிச்சது, எப்படி முடிஞ்சது, யார் கிளப்பினது.

உயிர் மூணாவதுல இருக்கு. வேலை பேரும் கணக்குத் தேதியும் சேர்ந்து ஒரு யுனீக் கீ. கணக்குத் தேதின்னா வேலை ஓடின தேதி இல்லை! ராத்திரி 10 மணிக்கு உள்ள போய் காலையில 6 மணிக்கு வெளிய வர்ற சி ஷிஃப்ட் எந்த நாள் கணக்கு? கடிகாரத்தைக் கேட்டா ரெண்டு நாள்னு சொல்லும். டேபிள்லதான் பதில் இருக்கணும். இந்தக் கீ இருந்தா, பதட்டத்துல யாராவது ரெண்டாவது தடவை பட்டனைத் தட்டினாலும் மார்ச் மாசச் சம்பளத்துக்கு ரெண்டாவது வரி விழாது. ஸ்ப்ரிங் பேட்ச் செய்யறதும் இதேதான். முடிஞ்ச வேலையை அதே விவரங்களோட திரும்ப ஓட்டச் சொன்னா முடியாதுன்னு எர்ரர் கொடுத்துடும்.

"ஃபெயில் ஆனா திரும்ப ஓட்டிக்கலாம்"னு ஒரு கோஷ்டி இருக்கு. ஃபைல் பேங்குக்குப் போயிடுச்சு, "முடிஞ்சது"ன்னு எழுதறதுக்குள்ள சர்வர் படுத்துடுச்சு. இப்ப திரும்ப ஓட்டினா? டபுள் சம்பளம் :-) அதனால அனுப்பறதுக்கு முன்னாடியே "ஆரம்பிச்சாச்சு"ன்னு எழுதி கமிட் பண்ணணும். அப்படியே தொங்கற வரி இருந்தா மனுஷன் பாத்து பேங்க்ல கேட்டு முடிவு பண்ணணும். "தெரியலை"ங்கறதும் ஒரு நிலைதான், அதுக்கும் டேபிள்ல இடம் வேணும்.

இதெல்லாம் பயமுறுத்தல்னு நினைக்கிறவங்க பிரிட்டனைப் பாருங்க. 2012 ஜூன்ல ஆர்பிஎஸ் பேங்க் குழுமத்துல பேட்ச் ஷெட்யூலர் மென்பொருளை அப்கிரேட் பண்ணாங்க. சிக்கல் வந்து பழைய வெர்ஷனுக்குத் திரும்பினா, ரெண்டுக்கும் ஒத்துப்போகலை. அங்க மட்டும் 65 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல பாதிப்பு, சில கம்பெனிகளால சம்பளமே போட முடியலை. 2014 நவம்பர்ல ரெண்டு கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் போட்டாங்க. அவ்ளோ பெரிய பேங்கே ஷெட்யூலரை அலட்சியமா விட்டா இந்தக் கதிதான்.

இருபது பேர் வேலை பாக்கற பட்டறைக்கு ஒரே ஒரு ரிப்போர்ட் போதும்னா கிரானே வெச்சுக்குங்க, சண்டையில்லை. நான் கேக்கறது லட்ச ரூபா சாஃப்ட்வேர் கூட இல்லை. மணியடிக்க கிரான் இருக்கட்டும், ஞாபகம் வெச்சுக்க இலவசமாக் கிடைக்கிற போஸ்ட்கிரெஸ்ல நாலு டேபிள் இருக்கட்டும். அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் சோம்பேறித்தனத்துல மிச்சம் பிடிச்சா, அதுக்கான வட்டியைக் கட்டப் போறது நாம இல்லை. 7-ம் தேதி ஏடிஎம் வரிசையில நின்னு வெறுங்கையோட திரும்பறவர்தான்.