காலி பாட்டிலுக்கு 10 ரூபாய்... தண்ணி கேன் அட்வான்சுக்கு துண்டுச் சீட்டு கூட இல்லை!

ஆவடியில் சுற்றும் பழைய கேன்கள்: புது கேன் வாங்கப் போவது யார்?

ஆவடி:

ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல், அண்ணனூர் பகுதிகளில் காலை 6 மணி ஆனால் போதும். குட்டி யானை வண்டிகளும் மீன்பாடி வண்டிகளும் 20 லிட்டர் தண்ணி கேன்களை அடுக்கிக்கொண்டு தெருவுக்குத் தெரு கிளம்பி விடுகின்றன. வாசலில் காலி கேனை வைத்தால் நிறைகேன் வரும். போர் தண்ணி துணி துவைக்க, கேன் தண்ணி குடிக்க என்பது இங்கே பல வீடுகளில் பழகிப் போன விஷயம்.

ஆனால் வருகிற கேனைப் பார்த்தால்தான் வயிறு கலங்குகிறது. உடம்பெல்லாம் கீறல். வெள்ளையாக மங்கிப் போன பிளாஸ்டிக். சில கேன்களில் அடியில் பச்சையாகப் பாசி. "தம்பி, கேன் பூரா கீறலா இருக்கே, வேற நல்ல கேன் இல்லியா?" என்று கேட்டால், "கம்பெனியில குடுக்கறதே இதுதாங்க்கா" என்பதுதான் வழக்கமான பதில்.

தண்ணீர் சுத்தமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் சுமந்து வரும் கேன் யாருடையது, அதற்கு எத்தனை வயது, அது ஓய்ந்த பிறகு புதுசு யார் வாங்குவார் என்று யாரும் கேட்பதில்லை. வரும் ஆண்டுகளில் நல்ல கேன் கிடைக்குமா, கிடைக்காதா என்பது இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரே வீட்டில் 3 காலிகள்

ஒரு சாதாரண வீட்டில் திருப்பிக் கொடுக்கக் கூடிய காலிகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, சமையல் கியாஸ் சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டருக்கு புது இணைப்பு வாங்குகிறவர்கள் கட்ட வேண்டிய டெபாசிட் 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ரூ.1,450-ல் இருந்து ரூ.2,200 ஆக உயர்த்தப்பட்டது. அதற்கு ரசீது உண்டு. இணைப்பை ஒப்படைத்தால், முதலில் கட்டிய டெபாசிட் திரும்ப வரும். சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏ-27 என்றால் 2027 மார்ச்சுக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதித்தாக வேண்டும் என்று அர்த்தம்.

இரண்டாவது, மது பாட்டில். ஐகோர்ட்டு உத்தரவைத் தொடர்ந்து 2022-ம் ஆண்டு மே மாதம் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு ரூ.10 கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பிறகு பல மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டப்படும். காலியைக் காட்டினால் காசு கைக்கு வரும்.

மூன்றாவது, தண்ணி கேன். புதுசாகக் கேன் போடச் சொன்னால் அட்வான்ஸ் கேட்கிறார்கள். பல இடங்களில் அதற்கு ரசீது கிடையாது, கேனில் நம்பர் கிடையாது, எத்தனை முறை நிரப்பியது என்ற கணக்கும் கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்து வேறு ஏரியாவுக்குப் போகிறவர்கள், கேன் போட்டவரைத் தேடிப் பிடித்தால்தான் பணம். பிடிக்க முடியாவிட்டால் கேனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். போன இடத்தில் புதுக் கடைக்காரர், "இது எங்க கேன் இல்லீங்க" என்று கையை விரித்து விட்டால் மறுபடி ஒரு அட்வான்ஸ்.

குடித்துப் போடுகிற பாட்டிலுக்கு இருக்கிற மரியாதை குழந்தை குடிக்கிற தண்ணி கேனுக்கு இல்லை.

எல்லோருடைய கேன், யாருடையதும் இல்லை

பெரிய பிராண்டு கம்பெனிகள் தங்கள் பெயர் பொறித்த கேனை மட்டுமே திரும்ப எடுத்துக் கொள்கின்றன. அந்தத் தண்ணீருக்கு விலையும் அதிகம். கூலி வேலைக்குப் போகிற வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் உள்ளூர் கம்பெனி கேன்தான். இந்தக் கேன்கள் ஒரே அளவு, ஒரே வடிவம். இன்று ஒரு கம்பெனியில் நிரப்பிய கேன், அடுத்த வாரம் வேறு கம்பெனிக்குப் போய்ச் சேரும். மேலே ஒட்டிய லேபிள் மட்டும் மாறும்.

இங்கேதான் சிக்கல். ஒரு கம்பெனிக்காரர் ஆயிரம் புது கேன் வாங்கி இறக்கினால், அவை சில வாரங்களில் மற்றவர்களின் பழைய கேன்களோடு கலந்து விடும். அவர் கைக்கு வருவது அடுத்தவரின் ஓட்டைக் கேன். பிறகு எதற்கு அவர் புதுசு வாங்குவார்? நல்ல கேன் இறக்குகிறவருக்கு நஷ்டம், பழசை ஓட்டுகிறவருக்கு லாபம். ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்பாடே அப்படி இருக்கிறது.

வாடிக்கையாளர்கள் பக்கமும் தவறு இல்லாமல் இல்லை. காலி கேனில் மண்ணெண்ணெய், டீசல், பினாயில் ஊற்றி வைப்பது, மூடியில்லாமல் மொட்டை மாடி வெயிலில் போட்டு வைப்பது எல்லாம் நடக்கிறது. அந்தக் கேனும் திரும்ப கம்பெனிக்குத்தான் போகிறது.

இரண்டரை ரூபாய் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். ஒரு வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்று வைத்துக் கொண்டால் மாதம் 15 கேன். வீட்டில் ஓடுவது ஒன்று, காத்திருப்பது ஒன்று, கம்பெனியிலோ வண்டியிலோ இருப்பது ஒன்று. ஆக ஒரு வீட்டுக்காக 3 கேன்கள் சுற்ற வேண்டும். ஒவ்வொரு கேனும் மாதம் 5 சுற்று, ஆண்டுக்கு 60 சுற்று.

புது கேன் ரூ.150 என்று கணக்குக்கு வைத்துக் கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறை பழசைக் கழித்துப் புதுசு இறக்கினால் ஒரு சுற்றுக்கு ஆகும் செலவு இரண்டரை ரூபாய். அவ்வளவுதான்.

இந்த இரண்டரை ரூபாய் எங்கிருந்து வரும்? 2018-ம் ஆண்டு ஜனவரியில் 20 லிட்டர் கேன் தண்ணீருக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தில் இருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி முதல் அது 5 சதவீதமாகவும் குறைந்தது. வரியோடு சேர்த்து ரூ.40-க்கு பில் போட்ட கேன் என்றால், இந்தக் குறைப்பால் மிச்சமாவது சரியாக ரூ.2.50.

எல்லா கேனுக்கும் பில் போடுவதில்லை என்பதும், கம்பெனி விலைக்கும் வீட்டு வாசல் விலைக்கும் நடுவில் டீலர், டெலிவரிக் கூலி இருப்பதும் உண்மைதான். அதனால் மிச்சம் இதைவிடக் குறையும். ஆனாலும் வரி குறைந்த காசு கேன் விலைக் குறைப்பாகவும் வரவில்லை, புது கேனாகவும் வரவில்லை என்றால் அது எங்கே போனது என்று கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு.

பிளாஸ்டிக்கிலும் ரகம் உண்டு

கேன்களில் முக்கியமாக இரண்டு ரகம். கெட்டியாக, கனமாக இருப்பது பாலிகார்பனேட். அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண் இருக்கும். நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதில் பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனம் உண்டு. கேன் பழசாகி, சூடு பட்டு, கார மருந்து போட்டு மறுபடி மறுபடி கழுவும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். ஐரோப்பிய யூனியன் 2024-ம் ஆண்டு டிசம்பரில், உணவுப் பொருள் படுகிற பாத்திரங்களிலும் டப்பாக்களிலும் இந்த ரசாயனத்தைப் படிப்படியாகத் தடை செய்ய முடிவெடுத்து விட்டது.

இரண்டாவது ரகம் பெட். முக்கோணத்துக்குள் 1 என்ற எண். லேசானது, விலையும் மலிவு, பிஸ்பினால்-ஏ கிடையாது. ஆனால் கொதிக்கும் தண்ணீரில் கழுவினால் நெளிந்து விடும். சீக்கிரம் கீறல் விழும். கீறலுக்குள் அழுக்கும் கிருமியும் உட்கார்ந்து கொள்ளும். பாலிகார்பனேட்டை ஓட்டுகிற மாதிரி இதை வருடக்கணக்கில் ஓட்ட முடியாது. மலிவு கேனுக்கு மாறினால் அடிக்கடி புதுசு வாங்கியே ஆக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேன் தண்ணீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதியை 2024-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீக்கியது. அடுத்த மாதமே, பாக்கெட், பாட்டில், கேன் தண்ணீரை 'அதிக ஆபத்து' உள்ள உணவுப் பட்டியலில் சேர்த்தது. லைசென்சுக்கு முன்பே ஆய்வு, ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை என்று கெடுபிடி கூடியது. ஆனால் ஆய்வு நடப்பது கம்பெனிக்குள். கேன் தெருவில் எத்தனை கை மாறுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் கழிவு விதி. 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டு வந்த திருத்தத்தின்படி, 4.9 லிட்டருக்கு மேற்பட்ட கெட்டி பிளாஸ்டிக் கேன்களில் 2025-26-ம் ஆண்டு 70 சதவீதம் மறுபடி பயன்படுத்தப்பட வேண்டும். 2028-29-ல் இது 85 சதவீதம். குறு, சிறு நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆக பெரிய கம்பெனிகள் தங்கள் கேன்களைக் கறாராகத் திரும்ப வாங்கும். ஓடி ஓய்ந்த கேன்கள் எல்லாம் சின்ன கம்பெனிகள் வழியாக ஏழை வீடுகளுக்கே வரும் ஆபத்து இருக்கிறது.

ஒரு விதி 'திரும்பப் பயன்படுத்து' என்கிறது. இன்னொன்று 'ஆபத்தான உணவு' என்கிறது. எத்தனை முறைக்குப் பிறகு நிறுத்துவது என்பதைக் கேனிலேயே அச்சடிக்கச் செய்தால்தான் இரண்டும் பொருந்தும்.

அமெரிக்காவில் நடந்த கதை

அடுத்தவன் கேனை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. அங்கே 1978-ம் ஆண்டு சட்டத்துக்குப் பிறகு சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்க அனுமதி உண்டு. (தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம்.) அப்படித் தயாரிப்பவர்கள் பீரை அடைத்து வைக்க நம்பியிருந்தது, குளிர்பானக் கம்பெனிகள் கழித்துப் போட்ட எவர்சில்வர் கேன்களை. அளவு சுமார் 19 லிட்டர், கிட்டத்தட்ட நம்மூர் தண்ணி கேன் அளவுதான்.

குளிர்பானக் கம்பெனிகள் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்து அனுப்பும் முறைக்கு மாறியதும், பழைய கேன்கள் மலை மலையாகக் காயலான் கடைக்கு வந்தன. சல்லிசாகக் கிடைத்தன. சில ஆண்டுகளில் இருப்பு தீர்ந்தது. விலை ஏறியது. புதுசாகச் செய்து விற்கிற கம்பெனிகள் வந்த பிறகுதான் நிலைமை சீரானது. இத்தனைக்கும் அது எவர்சில்வர். ரப்பர் வாஷரை மாற்றினால் பல ஆண்டுகள் ஓடும். பிளாஸ்டிக் கேனுக்கு அந்த ஆயுசு கிடையாது.

தட்டுப்பாடு வந்தால்...

கேன் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகும் என்பதை இந்தப் பகுதி மக்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 2019-ம் ஆண்டு வறட்சியில் ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிய ரெயில் ஜூலை 12-ந்தேதி வில்லிவாக்கம் வந்தது. ஆவடி ஸ்டேஷனைத் தாண்டித்தான் அது போனது. 2020-ம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் அனுமதியில்லாமல் நிலத்தடி நீர் எடுத்த கம்பெனிகளுக்கு ஐகோர்ட்டு உத்தரவின் பேரில் சீல் வைக்கப்பட்டது. கம்பெனிகள் ஸ்டிரைக் செய்தன. கேன் விலை எகிறியது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்திலும் அதே தவிப்பு.

இப்படிப்பட்ட நேரங்களில் கையில் கிடைக்கிற எல்லாக் கேனும் நிரப்பப்படும். கழிக்க வேண்டிய கேனும் அதில் சேரும். "இந்தக் கேன் வேண்டாம்" என்று சொல்லும் தெம்பு எந்த வீட்டுக்கும் இருக்காது.

என்ன செய்யலாம்?

புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சிலிண்டரில் இருப்பதைப் போல கேன் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும், கழிக்க வேண்டிய தேதியையும் அழியாத எழுத்தில் பொறிக்கலாம். டாஸ்மாக் பாட்டிலுக்கு ஒட்டுவதைப் போல ஸ்டிக்கர் ஒட்டி, எந்தக் கடையில் கொடுத்தாலும் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கச் செய்யலாம். ஒரு ஏரியா கம்பெனிகள் சேர்ந்து பொதுவில் பணம் போட்டுப் புது கேன் வாங்கினால், நல்ல கேன் இறக்குகிறவர் மட்டும் நஷ்டப்பட வேண்டியதில்லை.

2019-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஆவடியில் வீட்டுக் குழாயிலேயே குடிக்கத் தகுந்த தண்ணீர் தினமும் வந்தால் கேன் பிரச்சினையே பாதி தீர்ந்து விடும். அதுவரைக்கும் கேனைக் கவனித்து வாங்குவதைத் தவிர வழியில்லை.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டியவை:

* மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா?

* லேபிளில் 14 இலக்க லைசென்ஸ் எண், தயாரிப்பு தேதி, பேட்ச் எண் இருக்கிறதா?

* கேன் மங்கி, கீறலாகி, அடியில் பச்சை படிந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

* கேனை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். காலி கேனில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

* அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு சீட்டிலாவது கையெழுத்து வாங்கிக் கொள்வது நல்லது.

* புகார் இருந்தால் தமிழக உணவுப் பாதுகாப்புத்துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு போட்டோவுடன் அனுப்பலாம்.

ஒரு தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஓட்டைக் கேனை வாங்க மறுத்தால், அடுத்த நாள் வண்டியில் நல்ல கேன் ஏறும். புது கேன் இறக்கச் செலவாவது சுற்றுக்கு இரண்டரை ரூபாய்தான். அதைச் செய்ய முடியாது என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது.