முதியோர் இல்லத்தில் கூடுதல் கட்டணமா? நாட்டரசன்கோட்டையில் இருந்தே வழக்கு போடலாம்!

மகன் இருப்பது நாட்டரசன்கோட்டையில். டிமென்ஷியா பாதித்த அம்மா இருப்பது கோவை முதியோர் இல்லத்தில். பேசிய தொகைக்கு மேல் 'தனி கவனிப்பு' என்று பில் வந்தால் என்ன செய்வது?

நடந்ததை அம்மாவால் சொல்ல முடியாது. ஒப்பந்தமும் ரசீதும்தான் சாட்சி.

ஒப்புக்கொண்டதைவிட அதிகம் வசூலித்தாலோ, பில் தராவிட்டாலோ 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்யலாம். இல்லம் எந்த ஊரில் இருந்தாலும், மகன் வசிக்கும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். ஆன்லைனிலும் முடியும். இல்லத்துக்குச் செலுத்தியது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

அதற்கு முன் 1915 உதவி எண்ணில் பேசிப் பாருங்க.

நோய் முற்ற முற்ற கவனிப்பும் கூடும். அதற்கு என்ன ரேட் என்று சேர்க்கும்போதே எழுதி வாங்கிடுங்க.