மூக்கில் ஏறியது எண்ணில் ஏறவில்லை

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கோலப் படங்களுக்கு முன்னால் காற்றின் தர எண் வந்துவிடுகிறது. ‘இன்னிக்கு 168. பெரியவங்க வாக்கிங் போகாதீங்க’ என்று ஒருவர் போடுவார். கீழே வரிசையாகக் கும்பிடுகள். சரி, 168 என்றால் எந்த நிலையம், எந்த மாசு, அதை யாரிடம் கேட்பது? அதற்குக் குழுவில் பதில் இருக்காது. விழிப்புணர்வு வந்துவிட்டது, காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா என்பதோடு அது நின்றும் விட்டது.

அந்த எண்ணை 2015 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்தது. எட்டு மாசுகள் கணக்கில் உண்டு: நுண்துகள் இரண்டு வகை, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அமோனியா, ஈயம். இவற்றில் எது மோசமோ அதன் எண்தான் அன்றைய எண். பச்சையில் தொடங்கிக் கருஞ்சிவப்பு வரை ஆறு நிறம். படிக்காதவருக்கும் புரியும் என்பதுதான் இதன் பலம், மறுக்கவில்லை. ஆனால் வடசென்னை ஆலைகளை ஒட்டிய மணலியிலும் எண்ணூரிலும் இருப்பவர்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். ‘ராத்திரி கேஸ் வுட்டுட்டாம்பா’ என்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது அந்த எட்டில் இல்லை. அமோனியா இருக்கிறது, ஆனால் 24 மணி நேரச் சராசரியாக. கால் மணி நேரம் கொட்டிய வாயு அந்தச் சராசரியில் கரைந்து காணாமல் போகும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் யாரும் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடவில்லை. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது, ஓடினார்கள்.

மூக்கை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் கடலூரைச் சொல்வேன். சிப்காட் தொழிற்பேட்டைக்கும் உப்பனாற்றுக்கும் இடையில் ஈச்சங்காடு, குடிகாடு, சொன்னஞ்சாவடி என்று ஊர்கள். அங்கே நாற்றம் அன்றாடச் சங்கதி. புகார் கொடுத்தால் அதிகாரி வருவதற்குள் காற்று திசை மாறியிருக்கும். ‘இங்க ஒண்ணும் வாடை இல்லையே’ என்று எழுதிக்கொண்டு போவார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. 2004-ல் அந்த ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து கண்காணிப்புக் குழு ஒன்று அமைத்தார்கள். முதலில் செய்த வேலை, நாற்றத்தை எழுதியது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், காற்று எங்கிருந்து அடித்தது, என்ன மாதிரி வாடை, தொண்டை கரகரத்ததா, தலை சுற்றியதா. அழுகிய முட்டை வேறு, அழுகிய முட்டைக்கோஸ் வேறு, நகப்பூச்சு வாடை வேறு. தொடர்ந்து எழுதிவந்தால், எந்த வாடை எந்தக் கம்பெனிச் சுவரோரம் தொடங்குகிறது என்று ஒரு வரைபடமே கையில் வந்துவிடும்.

அடுத்தது பக்கெட். நம் வீட்டில் தண்ணீர் பிடிக்கிற அதே பிளாஸ்டிக் பக்கெட்தான். காற்றுப் புகாத மூடி. உள்ளே சுருங்கிக் கிடக்கும் தனி ரகப் பை ஒன்று, அதன் வாய் மூடி வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சின்னப் பம்பை வைத்துப் பக்கெட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, பை தானாக வெளிக்காற்றை இழுத்து உப்பும். வாயை மூடி, நேரம் எழுதி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியது. அமெரிக்காவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழ்ந்தவர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த உத்தி இது. கடலூர்ப் பைகளும் கலிஃபோர்னியாவுக்கே போயின. 22 நச்சு வேதிப்பொருள்கள் இருப்பதாகவும், அவற்றில் எட்டு புற்றுநோய் வருவிப்பவை என்றும் அறிக்கை வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு அந்த ஆண்டே கடலூருக்கு வந்து பார்த்தது.

இதில் என் மனத்தில் தைத்தது அந்தப் பையின் பயணம். ஈச்சங்காட்டுக் காற்றைச் சோதிக்கக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. அந்த வேதிப்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அன்று நம் நாட்டில் ‘இதற்கு மேல் போகக் கூடாது’ என்ற அளவே கிடையாது. அளவு இல்லாததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதற்கு அளக்கும்? அளக்காததற்கு யார் மேல் வழக்குப் போடும்? பென்சீன் தேசியத் தரநிலைக்குள் நுழைந்தது 2009-ல்தான்.

அரசு திறமையில்லாதது என்று கைகழுவிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அரசுக்குத் தெரிந்த வேலையை அது செய்கிறது, சிக்கல் அங்கேதான். 2019-ல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தது. அதில் சுமார் 130 நகரங்கள், தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் போட்ட கணக்கின்படி, திட்டத்தில் செலவான பணத்தில் 64 விழுக்காடு சாலைப் புழுதிக்குப் போயிருக்கிறது. தொழிற்சாலைப் புகைக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. ஏன் போகாது? சாலை போடவும் குழி அடைக்கவும் துப்புரவு இயந்திரத்துக்கு டெண்டர் விடவும் மாநகராட்சிக்குத் தெரியும். புகைப்போக்கியில் ஏறிக் குழாயை நுழைத்து வாயு எடுக்கத் தெரிந்த ஆள் மாநகராட்சியில் இல்லை. முன்னேற்றத்தை மதிப்பிடுவதும் பெரிய துகளை வைத்துத்தான். நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் சின்னத் துகளை வைத்து அல்ல. ஆகவே தெருவைக் கூட்டினால் மதிப்பெண் ஏறும்.

ஆள் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிலோ, நாடு முழுக்க எடுத்துப் பார்த்தால், ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் ஏறக்குறையப் பாதி காலி. இருப்பவர்கள் ஆலைக்கு அனுமதி கொடுக்க வேண்டும், புதுப்பிக்க வேண்டும், வழக்குக்குப் போக வேண்டும், நடுவில் மாதிரியும் எடுக்க வேண்டும். இன்னமும் பல ஊர்களில் அளவீடு கைவேலைதான். எடைபோட்ட வடிதாளை இயந்திரத்தில் மாட்டி, எட்டு மணிக்கொருமுறை மாற்றி, ஆய்வகத்தில் ஈரம் போக உலர்த்தி, மறுபடி எடைபோட்டு, வித்தியாசத்தைக் காற்றின் அளவால் வகுப்பார்கள். பொறுமையான, மரியாதைக்குரிய வேலை. ஆனால் விதிப்படி அது வாரத்துக்கு இரண்டு நாள். கேஸ் விடுகிறவருக்கு மீதி ஐந்து நாள் இருக்கிறது.

போகிக்கு மட்டும் எல்லாம் நடக்கும். மாநகராட்சி வண்டி வந்து பழைய டயரை வாங்கிக்கொள்ளும். வாரியம் சென்னையில் 15 இடங்களில் முன்னும் பின்னும் அளந்து அறிவிக்கும். 2018-ல் போகிப் புகையால் விமானங்கள் தாமதமானது இன்றும் பேச்சில் வருகிறது. நம் வீட்டுப் பாயை நாம் எரிப்பதை அளக்கும் அக்கறை எனக்குப் பிடித்தே இருக்கிறது. மீதி 364 நாளுக்கும் அதில் கொஞ்சம் கடன் கிடைத்தால் தேவலை.

செய்யவே முடியாத காரியம் இல்லை. அகமதாபாத் மாநகராட்சி 2017-ல் புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் முன்கணிப்பை வாங்கி, எண் எகிறப்போகும் நாளுக்கு முன்பே எச்சரிக்கை தரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதைக் கையில் எடுக்கச் சுகாதாரத் துறையில் பொறுப்பாளர் வைத்தார்கள். அந்தப் பொறுப்பாளர்தான் எனக்கு எண்ணைவிட முக்கியம்.

எங்கள் வாட்ஸ்அப் நண்பரிடம் சொன்னேன்: “சார், நாளையிலிருந்து எண்ணோடு காற்றடிக்கும் திசையையும் போடுங்க. வாடை வந்தா மணி போடுங்க.” “யாருக்கு அனுப்பறது?” என்றார். கிண்டியில் வாரியத் தலைமையகம் இருக்கிறது, மாவட்டப் பொறியாளர் இருக்கிறார், புகார் எண்ணும் கிடைக்கும் என்றேன். “ராத்திரி ரெண்டு மணிக்கு எடுப்பாங்களா?” என்று கேட்டார். பெரியகுப்பத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது. இரவுப் பணிக்கு ஒரு பொறியாளர், கையில் பிடிக்கும் வாயுமானி ஒன்று, வண்டி ஒன்று, மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு அறை. துப்புரவு இயந்திரங்களுக்கு ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் இது பட்ஜெட்டில் கண்ணுக்கே தெரியாத தொகை.