ஈற்றெழுத்தில் இருக்கிறது மதிப்பு

தொடக்கப்பள்ளி வகுப்பறைகளில் ஒரு வண்ணப்படம் தொங்கக் காணலாம். மருத்துவர், செவிலியர், காவலர், அஞ்சற்காரர், உழவர், குயவர், தச்சர், தூய்மைப் பணியாளர் என ஊர்க்கு உழைப்போர் அதில் வரிசையாக நிற்பர். 'நமக்கு உதவுவோர்' என்பது பாடத்தின் பெயர். ஆங்கிலவழிப் பிள்ளைகளோ 'டாக்டர், நர்சு, போசுட்மேன்' என ஒப்பிப்பதோடு பாடத்தை முடித்துக் கொள்கின்றனர். படத்தில் எல்லாரும் ஒரே உயரத்தில் நிற்கின்றனர். ஆயின், அப்படத்தைக் காட்டிப் பேசும் வாய் அவர்களை ஒரே உயரத்தில் நிறுத்துகின்றதா?

'மருத்துவர் வந்தார்' என்னும் அதே வாய், 'குப்பைக்காரன் வந்தான்' என்கிறது. 'ஆசிரியர் சொன்னார்' என்னும் அதே நா, 'வண்ணான் சொன்னான்' என்கிறது. அன் ஈற்றுக்கும் அர் ஈற்றுக்கும் இடையே உள்ளது ஓரெழுத்து வேறுபாடே. அவ்வோரெழுத்துள் ஒரு குமுகாயத்தின் மேடுபள்ளம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. ஐந்தாண்டுப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது. ஆயினும் எவர்க்கு எவ்வீறு என்பதை அது பிழையின்றிக் கற்றுக் கொள்கிறது. அதே வகுப்பில் தூய்மைப் பணியாளர் ஒருவரின் மகளும் அமர்ந்திருக்கிறாள். தன் தந்தைக்கு எவ்வீறு வருகிறதென்று அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இது தமிழின் குறையோ எனின், அன்று. ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்வுச் சொல் வழக்கினால் வருவது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்துள் கூறுகின்றது. வழக்கினால் வந்ததாகலின், வழக்கைத் திருத்தினால் அதுவும் திருந்தும். கழகக் காலத் தமிழர் தொழிலை இழிவாகக் கருதியிருப்பின், வெண்ணிக் குயத்தியார் என்றொரு பெயர் புறநானூற்றில் நின்றிராது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கி, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் நின்னினும் நல்லன் அல்லனோ என்று கேட்ட புலவர் அவர். குயத்தி என்னும் தொழிற்பெயரோடு ஆர் ஈறு சேர்ந்து நிற்கும் அழகை எண்ணுக. கணக்காயனாரும், கூலவாணிகன் சாத்தனாரும், அறுவைவாணிகன் இளவேட்டனாரும் அவ்வாறே தொழிலோடும் மதிப்போடும் அறியப் பெற்றோர்.

ஆகவே இப்பாடம் படத்தைக் காட்டிப் பெயரை ஒப்பிக்கச் செய்வதோடு முடிவதன்று. எல்லாப் பாடங்களிலும் ஊடாடி வரவேண்டியது. கணக்கு வகுப்பில் அஞ்சற்காரர் வரட்டும். 1972-இல் ஏற்பட்ட ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண்ணைப் பிள்ளைகள் தம் முகவரியிலிருந்து எழுதிக் காட்டட்டும். தமிழ்நாட்டு ஊர்களுக்கு முதலிலக்கம் 6 என்பதையும், இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சல் நிலையத்தைக் குறிப்பதையும் அறிந்தால் எண்ணும் நிலவியலும் ஒருங்கே விளங்கும். அறிவியல் வகுப்பில் கொல்லர் வரட்டும். இரும்புப் பட்டையை மரவுருளியினும் சற்றே சிறிதாக வளைத்து, நெருப்பிற் காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டி, நீரூற்றிக் குளிர்விப்பார். பட்டை சுருங்கி மரத்தை இறுகப் பற்றும். வெப்பத்தால் இரும்பு விரியும் என்னும் உண்மையை இதனினும் தெளிவாக எந்நூல் உணர்த்தும்? மொழி வகுப்பில் செவிலியர் வரட்டும். அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த செவிலித்தாயின் பெயரே இன்று நோயுற்றோரைப் பேணுவார்க்கு அமைந்துள்ளது. ஓட்டுநர், நடத்துநர் என்னும் சொற்களும் பேருந்துகளில் எழுதப்பெற்று மக்கள் வழக்கில் ஊன்றிவிட்டன.

தூய்மைப் பணியாளரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, பிள்ளைகள் அவரை 'ஐயா' என்றோ 'அம்மா' என்றோ விளித்து வினவட்டும். உடைந்த கண்ணாடியைப் பொதியாமல் குப்பையில் எறிந்தால் எவர் கை அறுபடும் என்பதை அவர் வாயாற் கேட்ட பிள்ளை, மறுநாள் அவ்வாறு எறியாது.

இங்கொரு விழிப்பும் வேண்டும். 1953-இல் சென்னை மாநிலத்தில் இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் ஒருவேளை பள்ளியிலும் மறுவேளை பெற்றோர் தொழிலிலும் பயில வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் எனத் தமிழ் மக்கள் அதனை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. தொழிலை மதிப்பது வேறு. தொழிலைப் பிறப்போடு பிணிப்பது வேறு. குயவர் மகனும் மருத்துவர் மகனும் சூளையைப் பற்றி ஒன்றாகக் கற்க வேண்டும். 'நீ என்னவாக விரும்புகிறாய்' என்னும் வினாவும் இருவர்க்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என வழங்குமாறு தமிழ்நாட்டரசு 2020-இல் அறிவித்தது. பெயர்மாற்றம் நன்றே, ஆயின் பெயரோடு நிற்பின் பயனில்லை. காப்புக் கருவியின்றிக் கழிவுத் தொட்டிக்குள் மாந்தரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. அதன் பின்னும் நச்சுவளியால் மூச்சடங்கி மாண்டோர் உளர். அவர்களை இறங்கச் சொன்னோரும் ஒருகாலத்தில் தொடக்கப்பள்ளியில் அமர்ந்திருந்தோரே. இறங்குபவன் 'அவன்'தானே என்னும் எண்ணம் அவர்தம் நெஞ்சில் அன்றே ஊன்றப்பட்டது.

அதனை வேரோடு களையும் பணி தொடக்கப்பள்ளி ஆசிரியரின் நாவில் இருக்கின்றது. அதற்கு அரசாணை வேண்டா, பொருட்செலவும் வேண்டா. நாளைக் காலை அப்படத்தின்முன் நின்று, எட்டுப் பேரையும் ஒரே ஈற்றால் அழைத்தாற் போதும். கேட்டுக்கொண்டிருக்கும் அம்மகள் தலைநிமிர்வாள்.