தலையும் எடையும்

கறம்பக்குடி வட்டாரத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலை உளியால் வெட்டப்பட்டிருந்தது. தங்கம் சரியாக இருந்தால் போதும், யார் தலையாக இருந்தால் என்ன என்று அன்றைக்கு நினைத்திருப்பார்கள் போலும்! இன்றைய சேகரிப்பாளரோ விக்டோரியா தலையைக் கண்டதுமே பணப்பையைத் திறந்துவிடுகிறார். அசல் விக்டோரியா வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்கும், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, காந்தத்தில் ஒட்டாது. போலி பெரும்பாலும் எடையிலோ விளிம்பு வரியிலோ மாட்டிக்கொள்ளும். 1940களில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்த அரசு, கள்ளக்காசைத் தடுக்க விளிம்பைத்தான் மாற்றியது. 'தாத்தா பெட்டியில் இருந்தது' என்ற கதைக்கெல்லாம் விலை கொடுக்காதீர்கள். நகைக்கடைத் தராசில் வைக்கச் சம்மதிக்காதவரிடம் காசு வாங்கவே வேண்டாம்.